வேடிக்கை பார்த்தவர்கள்

நமது பத்திரிகையில் ஓர் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றிக் கட்டுரையா என்று கண்ணியமிக்க வாசகர்களில் சிலர் வியப்படையக் கூடும். வியப்பு நியாயமானதே. இப்படத்தைப் பார்க்கும்படி யாரையும் தூண்டுவது என் நோக்கமில்லை. ஆனால் அதைப் பார்த்த மக்கள் பல்வேறு நாடுகளில் எவ்வாறு நடந்து கொண்டார்கள் என்பதில், பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்றோர் சிந்திக்க வேண்டிய செய்திகள் பல உள்ளன. அன்றியும், ஆங்கிலப் பள்ளிகளில் பயிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இக்கதையை நூலாகவோ படமாகவோ முன்னரே அறிந்திருக்கின்றனர். அவர்கள் அறிந்ததைப் பெற்றோர் அறியாமலிருப்பது ஒன்றும் பெருமைக்குரியதன்று.

படத்தின் பெயர் 'தி ஹங்கர் கேம்ஸ்'. தமிழில் 'பசி விளையாட்டுகள்' எனலாம். சூசன் காலின்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் இளம் வாசகர்களுக்காக எழுதி 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல் அது. கேரி ராஸ் என்பவரின் இயக்கத்தில் 2012 மார்ச் மாதம் படமாக வந்தது. சுமார் 8 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு, முதல் மூன்று நாட்களிலேயே அமெரிக்காவிலும் கனடாவிலும் 15 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. உலகம் முழுவதும் சேர்த்து 69 கோடி டாலர் அளவுக்கு வசூலானது. அதன் பின் 2013, 2014, 2015 ஆண்டுகளில் மூன்று படங்களும், 2023இல் முற்கதையாக இன்னொரு படமும் வந்தன.

இக்கதை பிறந்த விதத்தை நூலாசிரியரே பல பேட்டிகளில் கூறியுள்ளார். ஓர் இரவு அவர் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நிலையங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக் கொண்டிருந்தாராம். ஒரு நிலையத்தில் இளைஞர்கள் பரிசுக்காகப் போட்டியிடும் நிகழ்ச்சி. அடுத்த நிலையத்தில் இராக் போரின் காட்சிகள். தூக்கக் கலக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது போட்டி, எது போர் என்று பிரிக்க முடியாத ஒரு கலக்கம் அவருக்கு ஏற்பட்டதாம். அவருடைய தந்தை வியட்நாம் போரில் பணியாற்றிய விமானப்படை அதிகாரி. போர் என்றால் என்ன என்பதைச் சிறு வயதிலேயே வீட்டில் உணர்ந்தவர் அவர். பிள்ளைகளைப் பலியாகக் கேட்ட கிரேக்கப் பழங்கதையும், அடிமைகளை வாளேந்தி மோதவிட்டு மக்கள் கூட்டம் ஆர்ப்பரித்த ரோமாபுரி அரங்குகளும் அவருடைய கற்பனைக்கு உரமாயின.

இராக் என்ற பெயர் கதையில் ஓரிடத்திலும் இல்லை. எனினும் வாசகர்களே, அந்த இரவில் அந்தத் திரையில் ஓடிக் கொண்டிருந்தது எந்த மண் என்பதை நாம் மறக்கலாகாது. உலகம் கொண்டாடிய இந்தக் கதையின் வித்து, பரிசுப் போட்டிக்குப் பக்கத்து நிலையத்தில் எரிந்து கொண்டிருந்த ஒரு முஸ்லிம் நாட்டின் மண்ணில் விழுந்தது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். வருங்காலத்தில் வட அமெரிக்கா அழிந்து, அதன் இடிபாடுகளின் மீது பானெம் என்றொரு நாடு. செல்வத்தில் மிதக்கும் தலைநகர் ஒன்று. அதற்கு உழைத்துக் கொட்டும் மாவட்டங்கள் பன்னிரண்டு. முன்னொரு காலத்தில் மாவட்டங்கள் கிளர்ச்சி செய்ததற்குத் தண்டனையாக, ஆண்டுதோறும் ஒவ்வொரு மாவட்டமும் 12 முதல் 18 வயதுக்குட்பட்ட ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் சீட்டுக் குலுக்கித் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அந்த 24 பிள்ளைகளும் ஒரு காட்டில் விடப்பட்டு, ஒருவர் மட்டும் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் பார்த்தே ஆக வேண்டும். தலைநகர மக்களுக்கோ அது திருவிழா. நிலக்கரிச் சுரங்க மாவட்டத்தைச் சேர்ந்த காட்னிஸ் என்ற 16 வயதுப் பெண், சீட்டில் பெயர் வந்து விட்ட தன் தங்கைக்குப் பதிலாகத் தானே முன்வந்து செல்கிறாள்.

இக்கதையை என் மாணவர்களிடம் ஒருநாள் கூறிய போது, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "இருபத்து நாலு பேரோட அத்தா அம்மாவும் ஏன் ஹஜ்ரத் சும்மா இருந்தாங்க?"

இக்கேள்விக்கு நூலாசிரியர் வைத்திருக்கும் விடை மிகவும் நுட்பமானது. பசியால் வாடும் குடும்பத்துப் பிள்ளை, தன் பெயரைக் கூடுதலாக ஒரு சீட்டில் எழுதிப் போட ஒப்புக் கொண்டால் ஒருவருக்கு ஓராண்டுக்குரிய தானியமும் எண்ணெயும் கிடைக்கும். வீட்டில் எத்தனை வயிறோ அத்தனை சீட்டுகள் போடலாம். ஆண்டுக்கு ஆண்டு அவை சேர்ந்து கொண்டே போகும். ஆக, ஏழைப் பிள்ளையின் பெயர் பானைக்குள் நாற்பது தடவைக்கு மேல் கிடக்க, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் பெயர் நான்கைந்து தடவையே கிடக்கும். குலுக்கல் என்னவோ பொதுவானதுதான்! 'பசி விளையாட்டு' என்னும் பெயரின் உட்பொருள் இதுவே. அடுப்பெரிய வேண்டும் என்ற கவலை ஒருபுறம், அக்கம்பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயர் வரட்டும் என்ற ஊமை நம்பிக்கை மறுபுறம். பெற்றோர் சும்மா இருந்தது இவ்வாறுதான். படத்தில் இப்பகுதி ஓரிரு வாக்கியங்களாகச் சுருங்கி விட்டது. இதனை அறிய நூலைத்தான் நாட வேண்டும்.

ரூ என்னும் சிறுமி

போட்டிக் களத்தில் காட்னிஸுக்குத் தோழியாகக் கிடைப்பவள் ரூ. வயது 12. பதினோராம் மாவட்டத்தின் தோட்டங்களில் மரமேறிக் கனி பறிப்பவள். அவளைப் பார்க்கும் போதெல்லாம் காட்னிஸுக்குத் தன் தங்கையின் நினைவு வருகிறது. ரூ கொல்லப்படும் இடமே கதையின் உயிர்நிலை. அழாமல் அதனைப் படித்தவர் குறைவு என்பார்கள்.

ரூவின் தோலும் கண்களும் அடர்ந்த பழுப்பு நிறம் என்று நூலிலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. அதற்கேற்பப் படத்தில் அமாண்ட்லா ஸ்டென்பெர்க் என்ற 13 வயதுக் கறுப்பினச் சிறுமி நடித்தார். படம் வெளியான வாரத்தில் நடந்ததை என்னவென்று கூறுவது? நாவலின் ரசிகர்கள் எனத் தம்மைக் கூறிக் கொண்ட அமெரிக்க இளைஞர்கள் பலர் ட்விட்டரில் தம் ஏமாற்றத்தைக் கொட்டினர். தாம் மனத்தில் கண்ட ரூ பொன்னிறக் கூந்தலுடைய வெள்ளைச் சிறுமி என்றனர். படம் கெட்டு விட்டது என்றனர். அவள் கறுப்பினத்தவள் என்று தெரிந்த பின் அவளுடைய மரணம் அவ்வளவாகத் துயரம் தரவில்லை என்று எழுதியவரும் இருந்தார். ரசிகர் ஒருவர் இவற்றையெல்லாம் திரட்டி வைக்க, பெரிய இதழ்கள் அதனை எடுத்து எழுத, எழுதியவர்களிற் பலர் தம் வரிகளை அழித்து விட்டு மறைந்தனர்.

இதைச் சற்று நின்று யோசியுங்கள். நூலைப் படிக்கும் போது இதே இளைஞர்கள்தாம் ரூவுக்காக அழுதார்கள். அந்தக் கண்ணீர் பொய்யன்று. ஆனால் அழுவதற்கு முன்பாக, தம்மையும் அறியாமல், அவளுக்கு வெள்ளைத் தோல் போர்த்திக் கொண்டார்கள். எழுதியிருந்த சொல் கண்ணில் பட்டும் கருத்தில் பதியவில்லை. 'நிரபராதியான குழந்தை' என்றதும் அவர்கள் உள்ளத்தில் ஒரே நிறம்தான் எழுந்தது.

அமெரிக்கர்களின் நிறவெறி என்று நாம் எளிதாகச் சொல்லி விட்டு நகர்ந்து விடலாம். ஆனால் பெண் பார்க்கச் சென்று திரும்பும் நம் தாய்மார்கள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லும் முதல் வார்த்தை யாது? "பிள்ளை நல்ல பிள்ளைதான், ஓதியிருக்கா, படிச்சிருக்கா, நிறம்தான் கொஞ்சம்..." என்று இழுப்பதில்லையா? நம் மணமகள் தேவை விளம்பரங்களில் மார்க்கப் பற்றுக்கு அடுத்த சொல்லாக நிற்பது 'சிவந்த நிறம்' அன்றோ? அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைக் குறித்து இழிவாகப் பேசி விட்ட போது, அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் உம்மிடம் எஞ்சியிருக்கிறது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கடிந்து கொண்டதாகப் புகாரியில் காண்கிறோம். அவ்வாறு பேசப்பட்டவர் பிலால் (ரலி) என்று கூறுவோரும் உண்டு. அபூதர் (ரலி) போன்ற ஒரு ஸஹாபியிடமே ஒட்டிக் கொண்டிருந்த அந்தக் குணம், ட்விட்டரில் எழுதிய அமெரிக்கப் பிள்ளைகளோடு நின்று விடும் என்று நாம் எண்ணுவதற்கில்லை.

அம்பும் பறவையும்

இங்கிலாந்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. 12 வயதுப் பிள்ளைகளும், பெரியவர் துணையிருந்தால் அவர்களுக்கு இளையோரும் பார்க்கத் தக்க சான்றிதழ் வேண்டும் என்று விநியோகஸ்தர் விரும்பினார். அதற்காக ஏழு வினாடிக் காட்சிகள் வெட்டப்பட்டன. சில இடங்களில் தெறிக்கும் இரத்தமும் ஆயுதங்களின் மீதிருந்த இரத்தமும் கணினியின் உதவியால் துடைக்கப்பட்டன. பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்வது அப்படியே இருந்தது. இரத்தம் மட்டும் இல்லை. வியட்நாமின் தணிக்கைக் குழு, வன்முறையைக் காரணம் காட்டிப் படத்தையே தடுத்து விட்டது. எனக்கு வியட்நாமியரின் முடிவில் உடன்பாடில்லை. ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. இரத்தத்தைத் துடைத்த கொலை பிள்ளைகளுக்கு ஏற்றது என்னும் கணக்குத்தான் எனக்கு விளங்கவில்லை.

நாவலில் தலைநகரத்து மக்களின் ஆடம்பரம் ஒரு சாட்டையடியாக எழுதப்பட்டுள்ளது. வண்ணச் சாயம் பூசிய தலைமுடி, முகமெங்கும் பொடியும் மினுமினுப்பும், விருந்தில் இன்னும் உண்பதற்காக உண்டதை வாந்தியெடுக்கும் பானம். மாவட்டங்கள் பட்டினி கிடக்க இவர்கள் வாழும் வாழ்வு அருவருப்பூட்ட வேண்டும் என்பதே ஆசிரியரின் எண்ணம். இரண்டாம் படம் வந்த 2013இல் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் பெரிய அழகுசாதன நிறுவனமான கவர்கேர்ல், அதே தலைநகரின் பெயரால் முகப்பூச்சு வரிசை ஒன்றைக் கடைகளில் வைத்தது. அந்நகரின் பாணியில் உடைகளும் விற்பனைக்கு வந்தன. பசியைப் பற்றிய படத்துக்கு, ரொட்டிக்குள் கறி வைத்து விற்கும் சப்வே உணவகங்கள் விளம்பரத் துணையாயின! பார்வையாளர்கள் எதிர்த்தார்களா என்றால், முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் பொருள்களை வாங்கவும் ஆட்கள் இருந்தனர்.

இவ்விடத்தில் எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. முஸ்லிம் என்னும் ஹதீஸ் நூலில் உள்ளது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வழியே செல்லும் போது, குறைஷிக் குலத்து இளைஞர் சிலர் உயிருள்ள பறவை ஒன்றைக் கட்டி வைத்து அம்பெய்து பழகிக் கொண்டிருந்தனர். அவரைக் கண்டதும் சிதறி ஓடினர். உயிருள்ளதை இலக்காக்கியவர்களைப் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்ததை இப்னு உமர் (ரலி) எடுத்துரைத்தார்கள். இவ்வளவும் நம்மில் பலர் பயானில் கேட்டதே. அந்த அறிவிப்பில் இன்னும் ஒரு சிறு செய்தி உண்டு. நாம் அதனைக் கவனியாமல் கடந்து விடுகிறோம். குறி தவறிய அம்பு ஒவ்வொன்றும் பறவையின் சொந்தக்காரனுக்கு என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்களாம்! இளைஞர்களுக்கு விளையாட்டு, பறவைக்கு மரண வேதனை. இடையில் எதுவும் செய்யாமல் அம்புகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கொண்டு ஒருவன் நிற்கிறான். பானெமின் தலைநகரையும் அதனை விற்ற கடைகளையும் பற்றிப் படித்த போது என் மனக்கண்ணில் நின்றவன் அவனே.

முதற்படம் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், அதே பார்வையாளர் தலைமுறை இந்தக் கதையை மீண்டும் கையிலெடுத்தது. 2024 மே 6ஆம் நாள் இரவு நியூயார்க் நகரத்து அருங்காட்சியகத்தில் பெரும் புள்ளிகள் விலைமதிப்பற்ற உடைகளில் அணிவகுக்கும் மெட் காலா விழா நடந்தது. அதே இரவில் காஸாவின் தென் கோடியில், இலட்சக்கணக்கானோர் தஞ்சம் புகுந்திருந்த ரஃபாவுக்குள் இஸ்ரேலியப் படைகள் நுழையத் தொடங்கின. நியூயார்க் படங்களையும் ரஃபா படங்களையும் அருகருகே வைத்து, இதுவல்லவா அந்தத் தலைநகரம் என்று ஆயிரக்கணக்கான இளைஞர்கள் எழுதினர். காஸாவைக் குறித்து வாய் திறவாத பிரபலங்களின் பக்கங்களை முடக்கும் இயக்கமும் அதைத் தொடர்ந்து எழுந்தது. ரூவின் நிறத்தைக் கண்டு முகம் சுளித்தவர்களும் இந்தத் தலைமுறையினர்தாம். ரஃபாவின் பிள்ளைகளை அந்தக் கதைக்குள் வைத்துப் பார்த்தவர்களும் இந்தத் தலைமுறையினர்தாம்.

மூன்று விரல்கள்

ரூ இறந்ததும் காட்னிஸ் அவளுடைய உடலைக் காட்டுப் பூக்களால் மூடுகிறாள். பிறகு கையின் நடு மூன்று விரல்களை உதட்டில் வைத்தெடுத்து, தன்னைப் படம் பிடித்துக் கொண்டிருக்கும் கருவியை நோக்கி உயர்த்துகிறாள். நன்றி, மரியாதை, நேசித்தவருக்கு விடை ஆகிய மூன்றையும் குறிக்கும் பழைய வழக்கம் என்று நாவல் கூறுகிறது. படத்தில் அதைக் கண்ட ரூவின் ஊரார் தாமும் விரல்களை உயர்த்துகின்றனர். அடுத்த நொடி கலகம் வெடிக்கிறது.

தாய்லாந்தில் 2014 மே 22ஆம் நாள் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ அரசியலுக்காகக் கூடக் கூடாது என்று தடை வந்தது. பதாகை தூக்க வழியில்லை, முழக்கமிட வழியில்லை. அவ்வேளையில் பாங்காக் வீதிகளில் மக்கள் வாய் திறவாமல் மூன்று விரல்களை உயர்த்தத் தொடங்கினர். பிரெஞ்சுப் புரட்சியின் சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றும் இதில் அடக்கம் என்றும் சிலர் பொருள் கூறினர். நவம்பர் 19ஆம் நாள் கோன்கென் நகரில் ஆட்சித் தலைவர் பிரயுத் சான் ஓ சா உரையாற்றிக் கொண்டிருந்த போது, பல்கலைக்கழக மாணவர் ஐவர் அவருக்கு நேராக எழுந்து நின்று விரல்களை உயர்த்திப் பிடிபட்டனர். மறுநாள் மூன்றாம் படம் அந்நாட்டில் வெளியானது. பாங்காக்கின் திரையரங்குகளில் சில, காட்சிகளை ரத்து செய்தன. திரையரங்க வாசலில் விரல்களை உயர்த்திய மாணவி ஒருவரையும் காவலர்கள் கொண்டு சென்றனர்.

கதையில் கொடுங்கோலன் எதற்கு அஞ்சினானோ அதற்கே இந்த ஆட்சியாளர்களும் அஞ்சினார்கள் என்று உலகம் நகைத்தது. நகைப்புக்குரியதுதான். ஆனால் பிடிபட்ட பிள்ளைகளின் பெற்றோர் அன்றிரவு நகைத்திருக்க மாட்டார்கள். 2020இல் தாய்லாந்து மாணவர்கள் மீண்டும் திரண்ட போது பள்ளிச் சிறுவர்களும் கொடியேற்றத்தின் போது அவ்விரல்களை உயர்த்தினர்.

அங்கிருந்து அது பர்மாவுக்குச் சென்றது. ரங்கூன் நம்மவருக்கு அந்நியமான ஊரன்று. நம் பாட்டன்மார் கடை வைத்துப் பள்ளிவாசலும் கட்டிய ஊர் அது. இன்று யாங்கூன் என்கிறார்கள். 2021 பிப்ரவரி 1ஆம் நாள் அங்கே இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியதும், மருத்துவமனை ஊழியர்கள் தொடங்கி வீதியெங்கும் மூன்று விரல்கள் எழுந்தன. அம்மாதம் 26ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் மியன்மார் தூதர் கியாவ் மோ துன் தம் நாட்டு இராணுவத்துக்கு எதிராகப் பேசி முடித்து, அதே விரல்களை உயர்த்தினார்.

இங்கேதான் ஒரு முஸ்லிமின் உள்ளம் இரண்டாகப் பிளக்கிறது. 2017 ஆகஸ்டுக்குப் பின் இதே இராணுவம் ரக்கைன் மாநிலத்தில் ரோஹிங்கியா முஸ்லிம்களின் ஊர்களைக் கொளுத்திய போது, ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் உயிர் தப்பி வங்கதேசம் சென்றனர். அன்று யாங்கூன் வீதிகளில் இந்த விரல்கள் எழவில்லை. 2019 டிசம்பரில் காம்பியா தொடுத்த இனப்படுகொலை வழக்கில் ஆங் சான் சூகி ஹேக் நகர நீதிமன்றத்தில் இராணுவத்துக்காக வாதாடிய போது, அவரை ஆதரித்து அவ்வீதிகளில் ஊர்வலங்களே நடந்தன. பூக்களால் மூடப்பட வேண்டிய ரூக்கள் எத்தனையோ பேர் அவர்கள் கண்ணெதிரில் வீழ்ந்தனர். அவர்களோ நிறத்தையும் கலிமாவையும் பார்த்தார்கள்.

2021இல் துப்பாக்கிகள் தம் பக்கம் திரும்பிய பின், பர்மிய இளைஞர்களில் பலர் ரோஹிங்கியாக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினர். சிலர் அதைப் பதாகையாக எழுதிப் போராட்டத்தில் ஏந்தி நின்றனர். காலங்கடந்த மன்னிப்பு என்று ஒதுக்கி விட என் மனம் ஒப்பவில்லை. அதைப் பெரிதாகப் பாராட்டவும் ஒப்பவில்லை.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்கள் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடில்களால் ஆனவை. இராணுவம் ஆட்சியைப் பிடித்த அதே பிப்ரவரியில் அம்முகாம்களிலிருந்து சில புகைப்படங்கள் வெளிவந்தன. அவற்றில் ரோஹிங்கியா அகதிகள், யாங்கூன் மக்களுக்கு ஆதரவாக மூன்று விரல்களை உயர்த்தி நின்றனர்.